இளவரசியின் இரண்டாம் கவுன்

மணப்பெண் கவுன்களை வாடகைக்கு விடுகிறவளுக்கு முதல் விதி: துணியில் கறை படியலாம், பேச்சில் படியக் கூடாது.

பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற பின் தூத்துக்குடியில் இந்தக் கடையைத் தொடங்கினேன். திருமண வீட்டாரை நம்பிப் பிழைக்கும் பூக்கடைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் என் துயரத்தை அறிவார்கள். இப்போதெல்லாம் எந்த மணப்பெண்ணும் தனியாக வருவதில்லை. கைபேசியில் ஓர் இளவரசியையும் அழைத்து வருகிறாள். தொலைதூர நாட்டுக்காரி. இளம் வயதில் அரண்மனை தேர்ந்தெடுத்தவனை மணந்தாள். பிறகு குதிரைப் பயிற்சியாளனிடம் காதல், மணமுறிவு, அடுத்து ஒரு பாடகன். கடைசியில், நடுவயதில், மனைவியை இழந்த ஒரு மருத்துவரைக் கைப்பிடித்தாள். எங்கள் கடையில் அவளுக்குப் பெயர் கிடையாது. “அவ” என்றாலே போதும்.

ஆட்டோவில் ஏறாத வால்

ஒரு மணப்பெண், இளவரசியின் முதல் திருமணப் படத்தைக் காட்டி, அதேபோல் பின்னால் தரையில் புரளும் துணி வேண்டும் என்றாள். தொழிலில் அதை டிரெயில் என்போம். வாடிக்கையாளர்கள் வால் என்பார்கள். அரண்மனைச் சாரட்டுக்கும் நம் ஊர் ஆட்டோவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். விளக்கம் எடுபடவில்லை. திருமணத்தன்று வால் ஆட்டோவுக்கு வெளியே தொங்கி, கோயில் வரை தெருவைப் பெருக்கிக்கொண்டே போயிருக்கிறது. கவுனைத் திருப்பிக் கொடுக்க வந்த அவளுடைய அக்காள், காய்ந்த சேற்றைத் தட்டியபடி சொன்னாள்: “அவ வாலப் பிடிக்கப் பட்டாளமே நின்னுச்சு டீச்சர். இவ வாலப் பிடிக்க ஆட்டோ டயருதான் கெடச்சுது.”

தினசரி விசாரணை

ரீட்டா என் கடைத் தையற்காரி. முத்துக்குப் பேர்போன கடற்கரையில் பிளாஸ்டிக் முத்து கோக்கிறவள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகும் மாமியார் அந்தோணியம்மாளோடுதான் வாழ்கிறாள். மீன் விற்றுவிட்டு மருமகளை அழைத்துப்போக வரும் அந்தோணியம்மாள், சுவரில் நான் மாதிரிக்கு ஒட்டியிருந்த இளவரசியை நாள்தோறும் விசாரிப்பார். “பெத்த பிள்ளைகள விட்டுட்டுக் குதிரைக்காரன் பொறத்தால போனவ!” பிள்ளைகள் இளவரசியோடுதான் இருந்தார்கள் என்று நானும் நாள்தோறும் திருத்துவேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சேவியர், ரீட்டாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பிய வாரம் விசாரணை கடுமையானது. ரீட்டாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்களின் பெயரை அறிவித்து ஓலை வாசிப்பார்கள். மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம். மாமி மனதார இசையாமல் அந்த ஓலையில் தன் பெயர் ஏறக் கூடாது என்பதில் ரீட்டா உறுதியாக இருந்தாள். மாமியோ அந்தப் பேச்சை எடுத்தாலே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். சேவியர் நல்லவன்தானே என்று கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ரீட்டா சொன்னாள்: “நல்லவருதான் டீச்சர். ஆனா அன்னைக்குக் கரையில என்கூட நின்னு அழுதது மாமி மட்டுந்தான்.”

நீலக் கவுன்

மகளுக்குக் கவுன் பார்க்க வந்த ஒரு பெரிய வீட்டம்மாள், சேவியர் பெண் கேட்ட செய்தி எட்டியிருந்ததால், ரீட்டாவின் காதுபடவே தீர்ப்பு வழங்கினார்: “ரெண்டாங் கலியாணத்துக்கு இவ சோடிச்சிக்கிட்டு நின்னா ஊரு சிரிக்கும். அவளே வெறும் நீலக் கவுன்ல சத்தமில்லாமத்தான கெட்டிக்கிட்டா?” இளவரசி மருத்துவரை மணந்தபோது அணிந்த, வாலில்லாத நீலக் கவுனைச் சொன்னார். ரீட்டா அடுத்த முத்தைக் கோத்தாள்.

வாசலில் மீன்கூடையோடு அந்தோணியம்மாள் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வந்தவர் போனதும் உள்ளே வந்து கூடையை இறக்கினார். பிறகு அந்த நீலக் கவுன் படத்தைக் காட்டச் சொன்னார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் கைபேசியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அன்று விசாரணை இல்லை. “மொதக் கலியாணத்துல அம்புட்டுக் கூட்டம். இதுல பொறத்தால ஒருத்தரக் காணுமே டீச்சர்,” என்றார். “பாவம்லா அவ.”

கடைசி அளவு

ஞாயிறு பூசை முடிந்து மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தார்கள். பங்குச் சாமியாரிடம் ஓலை கொடுத்துவிட்டதாக ரீட்டா மெல்லச் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிற்று. அந்தோணியம்மாள், “ஏளா, துணியில கண்ணீரு பட்டா டீச்சர் வைவாவ” என்று அதட்டினார்.

நான் நீலத் துணியை விரித்தேன். கண்ணியமானது, வால் தேவைப்படாதது என்று என் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். அந்தோணியம்மாள் அதைச் சுருட்டி என் மடியிலேயே வைத்துவிட்டு, வெள்ளைத் துணியை இழுத்தார்: “எங்க பிள்ளைக்கு வால் வச்சித் தைங்க டீச்சர், நல்லா நீளமா. பொறத்தால நான் பிடிச்சிக்கிட்டு வாரேன். எவ சிரிக்கான்னு பாக்கேன்.”

கவுனின் நீளத்தை இடுப்பிலிருந்து அளக்கத் தெரிந்த நான், அதைப் பிடிக்க வருகிறவரின் கையிலிருந்தும் அளக்க வேண்டும் என்பதை இந்த வயதில், ஓர் இளவரசியின் புண்ணியத்தில் கற்றுக்கொண்டேன்.