காலி தண்ணீர் பாட்டில்

பாத்ரூம் போகக் கைதூக்க வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்தவள் நான். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வயரிங் லைனில் வேலை. லைன் ஓடும்போது இடத்தை விட்டு நகரக்கூடாது. கையைத் தூக்கினால் லைன் லீடர் வந்து விசாரித்து, நம் இடத்தில் வேறொருவரை நிறுத்துவார். அவர் ஆம்பளை, தொண்டையும் பெரிசு. "இன்னாம்மா, பாத்ரூமா?" என்றால் கேன்டீன் வரை கேட்கும். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போது அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்.

நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது, மறுபடியும் வந்தது. இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்றார் டாக்டர். கம்பெனி நர்ஸ் என்னை அங்கே கவுன்சலிங் கொடுக்கும் அக்காவிடம் அனுப்பினார்.

திட்டு விழும் என்று போனேன். அக்காவோ, "உன்னால எது முடியும்னு நீயே சொல்லு" என்றார். தப்பித்தால் போதுமென்று, ஷிஃப்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரம் வாஷ்பேசினில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலி பாட்டிலைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். பெரிய சாதனை!

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பர்மா. லைன்ல கைதூக்கினப்போ எப்படி இருந்துச்சு?"

அவர் என்னை நம்பித்தான் கேட்டார். அப்போது பட்ட அவமானம் போல நான் என்றும் பட்டதில்லை.

"கொட்டிட்டேன்க்கா."

அக்கா பாட்டிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "கொட்டுற அளவுக்கு எது கஷ்டமா இருக்கு?"

"அந்த அண்ணன் சத்தமாக் கேக்காவ. பதில் சொல்லக் கூச்சமா இருக்கு."

"மெதுவாக் கேக்கச் சொல்லி அவர்கிட்ட நான் பேசுறேன். அதுவரைக்கும் நாம பழகிப் பார்க்கலாமா? நான்தான் லைன் லீடர். கையைத் தூக்கு." எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "இன்னாம்மா?" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. கடைசியில்தான் பேச்சு வந்தது.

மறுநாள் லைனில் கையைத் தூக்கினேன்.

"இன்னாம்மா?" அதே தொண்டை.

"பாத்ரூம் போணும்ண்ணே." நானும் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"போ, போ" என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லைன் முழுக்க என் முதுகையே பார்ப்பது போலிருந்தது. வெட்கம் அப்படியேதான் இருந்தது. திரும்பி வரும்போது ரேக்கிலிருந்த பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க முழுவதையும் குடித்தேன்.