டெங்கு வார்டில் ஈரல் பேச்சு

நர்ஸுக்குச் சம்பளம் ஊசி போடுவதற்கு என்று ஊர் நினைக்கிறது. பாதிச் சம்பளம் பதில் சொல்வதற்குத்தான் என்பது, என்னைப் போல வார்டில் நின்று கால் கடுத்த உங்களுக்குத் தெரியும். அதிலும் திருநெல்வேலியில் மழை விட்டு டெங்கு தொடங்கிவிட்டால் வாய்க்கு ஓய்வே கிடையாது. இந்த முறை என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அணு எத்தனை?

காய்ச்சல் வார்டுக்குள் கால் வைத்தால் போதும், கட்டிலுக்குக் கட்டில் "அணு எத்தன?" என்பார்கள். ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களைத்தான். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டு, பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிட்டு, அணு கூடிய ஆளைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையும் படுவார்கள்.

நான் சொன்ன குடும்பத்தில் காய்ச்சலோடு வந்து படுத்தவர் இசக்கிமுத்து, விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி. துணைக்கு மனைவி செல்லம்மாளும் அவள் அண்ணன் சுடலையும் இருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, "அணு பரவாயில்லை, ஈரல்தான் வீங்கியிருக்கு, அதைத்தான் கவனிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லம்மாளின் முகம் வாடிவிட்டது. என்னை ஓரமாக அழைத்துப் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "டாக்டர்ட்ட பைய எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர், எங்க வீட்டுக்காரரு குடிக்கவே மாட்டாரு."

கலர் கலராய் மாத்திரை

டெங்குக்குக் குடிக்கிறவன், குடிக்காதவன் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது, யார் ஈரலையும் அது பதம் பார்க்கும் என்று விளக்கிவிட்டு, வீட்டில் என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டேன். செல்லம்மாள் மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று. அட்டைதான் வேறு வேறு, உள்ளே எல்லாம் ஒரே பாராசிட்டமால். மில்லுக்கு லீவு போட மனசில்லாமல் மனிதர் அத்தனையையும் சேர்த்து விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாம் ஒரே மருந்து அண்ணாச்சி, ஈரல் என்னத்துக்கு ஆகும்?" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அப்படியா? நான் மூணு நோவுக்கு மூணு மாத்திரைன்னுல்லா நெனச்சேன்."

வாசலில் ஆட்டோ

காய்ச்சல் இறங்கிய அன்று சுடலை வார்டுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் நாங்கள் கண்கொத்திப் பாம்பாக இருக்கும் நேரம். நினைத்தபடியே மத்தியானம் இசக்கிமுத்து வாந்தி எடுத்தார், வயிற்றுவலி கூடியது, கண் மஞ்சளானது. உடனே ஐசியுவுக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். அதற்குள் சுடலை ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டார். காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கேட்காது, பச்சிலைதான் என்பது எங்கள் பக்கத்தில் பலர் எழுதாமலே படித்த பாடம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வைத்தியர், வெறும் வயிற்றில் மருந்து, உப்பில்லாப் பத்தியம்.

கூட்டிக்கொண்டு போனால் வழியிலேயே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் சுடலை கேட்கவில்லை. நான் கட்டிலை மறித்து நின்றேன். செல்லம்மாள் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். எனக்கும் கேட்கட்டும் என்று சுடலை வைத்தியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணாச்சி, மச்சானுக்கு டெங்குல காமாலை கண்டிருக்கு, இப்பவே கூட்டியாரேன்."

அந்தப் பக்கத்திலிருந்து வைத்தியரின் பதில் வந்தது: "ஏலே சுடல, என் மருமவனே போன மழைக்கு இதே டெங்குல ஆஸ்பத்திரியில கெடந்துதான் பொழச்சு வந்தான், அங்கனயே இரிலே."

பசி

ஐசியுவில் இசக்கிமுத்துவின் ஈறில் ரத்தம் கசிந்தது. கூப்பிட்ட மனைவியை அடையாளம் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. செல்லம்மாள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள், அணுவைக் கேட்கவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு காலையில் வந்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பு குறையத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குள் நர்ஸ் ஓடக் கூடாது என்பது எங்கள் மேட்ரனின் சட்டம். நான் ஓடினேன். செல்லம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தபோது அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது, பேச்சு மட்டும் தெளிவு: "ஏட்டி செல்லம், உளுந்தஞ்சோறு பொங்கினியா?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்னும் தெரியாது, ஏனென்றால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, பக்கத்துக் கட்டிலில் மகனுக்குத் துணையாகப் புதிதாக வந்த பேட்டைக்காரம்மா என்னைப் பிடித்து அணு எத்தனை என்றார். நான் வாயைத் திறக்குமுன் செல்லம்மாள் முந்திக்கொண்டாள்: "அணு கெடக்கட்டும்க்கா, ஈரல் எப்படி இருக்குன்னு கேளுங்க."

ஆக, அணுவைக் கேட்டு என் உயிரை வாங்கியவர்கள் இப்போது ஈரலையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறார்கள், இசக்கிமுத்து வீட்டில் உளுந்தஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் வாங்கிவிட்டுப் போகட்டும்.