தரையில் தட்டிக் கொடுத்த பந்து

பந்து போட்டதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் பூந்தமல்லியில் யாரும் நம்பவில்லை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்து விளையாட்டுக் காட்டும் ஒரு கம்பெனியில் இருந்தேன். மல்யுத்தம் முடிந்ததும் எங்கள் கூடைப்பந்து. கூட விளையாடியவர்களில் பாதிப் பேர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. ஒரே சட்டியில் தின்றோம். என் முழங்கால் விலகியதும் கம்பெனி என்னை ஒரு ரயிலடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

பாதிப் படிப்போடு நின்ற எனக்குப் பூந்தமல்லிப் பள்ளியில் டிரில் மாஸ்டர் வேலை கிடைத்ததற்குக் காரணம், பட்டணத்துப் பள்ளிகளைப்போலத் தன் பள்ளியிலும் கூடைப்பந்து வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் ஆசைப்பட்டதுதான். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லன் வளையம் அடித்துக் கொடுத்தான். பனந்தூணில் மாட்டினோம்.

பிள்ளைகள் எல்லாம் ஊரில் நிலம் உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சேரியிலிருந்து ஒருவன் மட்டும் படித்தான், பள்ளியிலேயே உயரமானவன். அவனை வளையத்தடியில் நிறுத்தினேன். யாரும் அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை.

"கைய நீட்டிக்கினு நிக்கிறானே, கண்ணு தெரியலையாடா?" என்று கத்தினேன்.

கேப்டன் மணியக்காரர் மகன். "கையில குடுத்தா ஊட்ல சேக்க மாட்டாங்க சார். கீய வெச்சா எட்த்துக்கட்டும்" என்றான்.

கடையில் உப்பு, புளியைக்கூட அவனுக்குத் தரையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். "சரி, கீழேயே வை. ஆனா ஓங்கி வை" என்றேன். தரையில் தட்டி எழும்பும் பந்தை அவன் பிடிப்பான். அவனும் தட்டித்தான் திருப்பிக் கொடுப்பான். மண்ணைத் தொட்டு வந்தால் தீட்டு இல்லை என்று அவர்களுக்குள்ளேயே தீர்த்துக்கொண்டார்கள். எதிராளிகள் கையைத் தூக்கி மறித்து நிற்பார்கள். எங்கள் பந்து அவர்கள் இடுப்புக்குக் கீழே போய்விடும். ஆவடிப் பக்கத்துப் பள்ளிகளெல்லாம் தோற்றன. எனக்குச் சாமர்த்தியசாலி என்று பெயர்.

அப்படியும், சேரிப் பையன் தங்கள் பிள்ளைகளோடு ஆடுகிறான் என்று ஊரார் ஹெட்மாஸ்டரிடம் முறையிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "பட்டணத்துப் பள்ளியை ஜெயித்துக் காட்டுங்கள், அவன் இருக்கட்டும். தோற்றால் ஊராரை என்னால் சமாளிக்க முடியாது, அவனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றார்.

அவனிடம் சொன்னேன். "நம்ம பந்து கீயத்தானே போவுது சார், எவன் புடிப்பான்?" என்று சிரித்தான்.

அது ஐப்பசி. ஆட்டத்தன்று விடியற்காலையிலிருந்து மழை. மைதானம் உழுத வயலாகிவிட்டது. பட்டணத்துப் பையன்கள் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, ஆட்டமா, நாத்து நடவா?" என்றார்கள். அவர்கள் பந்தைத் தலைக்கு மேலேயே வீசி ஆடினார்கள். எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் கைமாற்றி ஈடு கொடுத்தார்கள்; அவனுக்குத் தட்டிய பந்து மட்டும் தட்டிய இடத்திலேயே புதைந்து நின்றது.

இடைவேளையில் கெஞ்சினேன். "இன்னிக்கு ஒரு நாள் அவனுக்கு மேலேயே போடுங்கடா." வேலியோரம் பிள்ளைகளின் அப்பன்மார் குடை பிடித்து நின்றிருந்தார்கள்.

முடிவில் ஒரு கூடை போட்டால் ஜெயம். அவன் வளையத்தடியில் தனியாக நின்றான், இரண்டு கையும் விரிந்திருந்தன. கேப்டன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான். குடைகளின் பக்கம் ஒரு தடவை பார்த்தான். கையை இறக்கிப் பந்தைத் தரையில் அடித்தான். அது சேற்றில் உட்கார்ந்துகொண்டது. எதிராளி குனிந்து எடுத்துப் போனான்.

பிறகு சேரிப் பையன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கிணற்றுப் பக்கம் அவன் போகக் கூடாது. நான் பேசுவதற்குமுன் அவனே சொன்னான்: "கேப்டன் போட்டான் சார். சேறுதான் எயும்ப வுடல."

மறுவாரம் அவன் பள்ளிக்கே வரவில்லை. அப்பனோடு ஏரிக்கரைக்கு மண் சுமக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தரை காய்ந்ததும் அவன் இடத்தில் மணியக்காரரின் அண்ணன் மகனை நிறுத்தினேன். இனிக் கைக்குக் கை கொடுக்கத் தடையில்லை. ஆனால் கேப்டன் பழக்கத்தில் பந்தைத் தரையில் தட்டி அவனுக்கு அனுப்பினான். புதியவன் பந்தைத் தொடவே இல்லை. நேராக வந்து கேப்டன் சட்டையைப் பிடித்தான்.

"கீய போட்றியே, என்னை இன்னான்னு நென்ச்சிகினே?"

நான் விலக்கிவிடப் போகவில்லை. அந்த வாரமே மூட்டையைக் கட்டினேன்.