அவர்கள் கைதட்டிய காட்சி

பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கையில் வீடியோ டெக் வைத்திருந்தவள் புஸ்பம் ஒருத்திதான். துபாயில் வீட்டு வேலை செய்துவிட்டு எண்பத்தெட்டில் திரும்பியபோது டி.வி.யும் டெக்கும் கொண்டுவந்தாள். அதற்குள் அவளுடைய புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டிருந்தான். ஊர் அதற்கும் அவளையே குறை சொன்னது. அவள் கசெற்றுகளை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை யன்னல்களைச் சேலையால் மூடிக் காசுக்குப் படம் போட்டாள். இருட்டிய பிறகு யாரும் வெளியே கால் வைக்காத காலம். அதனால் படம் என்றால் மத்தியானத்தில்தான்.

அவளோடு தம்பி வல்லிபுரம் இருந்தான். வாவியில் வலை போடுகிறவன். தொண்ணூறில் நடந்த சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனைப் பிடித்துப்போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு விடுதலை செய்தார்கள். வந்தவனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. திரும்பி வராத பிள்ளைகளின் வீடுகள் நிறைந்த ஊரில், வந்தவனிடம் கேட்கவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு, புதிதாக வந்த பொலிஸ் படம் ஒன்றைப் போட்டாள். அறை நிறைந்து வாசலிலும் ஆட்கள். பாதிப் படத்தில் கதாநாயகன் ஒருவனைத் தலைகீழாகக் கட்டித் தூக்கி, உண்மையைச் சொல்லடா என்று அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் இசை எழும்பியது. அறை முழுக்க விசில், கைதட்டல். சுவரோரம் குந்தியிருந்த வல்லிபுரம் எழும்பினான். கால்களுக்கிடையில் வழி கேட்டுக் கேட்டு, குனிந்தபடி வெளியே போனான். அவன் போனதைக் கவனித்தவள் புஸ்பம் மட்டும்தான்.

அவள் போய் டி.வி.யை நிறுத்தினாள்.

“என்ன புள்ள, கறண்ட் போயித்தா?” என்று கேட்டார் நல்லரத்தினம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், படமென்றால் முதல் ஆளாக வருபவர்.

“கறண்ட் இரிக்கு. நான்தான் நிப்பாட்டினன். இதுல கைதட்ட என்ன இரிக்கு மாஸ்டர்?”

“அவன் கெட்டவன் புள்ள. குண்டு வைச்சவன். படத்தப் படமாப் பாக்கணும்.”

“என்ட தம்பியத் தூக்கினவனும் இப்பிடித்தானே நினைச்சிருப்பான். தன்னத்தான் கதாநாயகன் எண்டு.”

பிறகு யாரோ மிச்சத்தைப் போடச் சொன்னார்கள். அவள் கசெற்றை வெளியே எடுத்துவிட்டு, எல்லாரையும் போகச் சொல்லி யன்னல் சேலைகளைக் கழற்றினாள்.

மறுநாள் காலையில் வலையை உதறிக்கொண்டிருந்த வல்லிபுரம் தானாகவே பேசினான். “அடியத் தாங்கலாம் அக்கா. அவனுகள் றேடியோவ உரத்துப் போட்டுத்தான் அடிப்பானுகள். எங்கட சத்தம் றோட்டுக்குக் கேக்காம இரிக்க. எல்லாம் படப் பாட்டு. நல்ல நல்ல பாட்டு.”

அன்றையிலிருந்து புஸ்பத்துக்கு எந்தப் படத்தையும் சும்மா பார்க்க முடியவில்லை. பார்த்து அழுத படங்களெல்லாம் அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தன. ஏன் கட்டி வைக்கப்படுகிறவன் எப்போதும் குற்றவாளியாகவே இருக்கிறான்? தாய் கோயிலில் விழுந்து அழுதால் மணி அடிக்கிறது, மகன் வந்து நிற்கிறான். இந்த ஊரில் எத்தனை தாய்மார் அழுதார்கள், எந்த மணி அடித்தது? வேலைக்கென்று வெளியே போன பெண் கடைசியில் மன்னிப்புக் கேட்கவேண்டும், அல்லது சாகவேண்டும். அவள் என்ன பிழை செய்தாள்? கறியை இறக்கி வைக்கும்போதும் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும் தனக்குத்தானே இதைத்தான் பேசினாள். கேட்டவர்கள் அவளுக்கு மண்டை பிசகிவிட்டது என்றார்கள்.

கல்முனையில் கசெற் கடை வைத்திருந்த, அண்ணன் முறையில் காக்கா என்று அவள் கூப்பிடும் சாலிஹிடம் போய் நின்றாள். “பொலிஸ்காரன் ஆளக் கட்டி அடிச்சு, சனம் கைதட்டாத படம் ஒண்டு தாங்க காக்கா.”

சாலிஹ் தட்டுகளை மேலும் கீழும் பார்த்தார். “அப்பிடிப் பாத்தா என்ட கடையில பேய்ப் படமும் சாமிப் படமும்தான் தங்கச்சி மிஞ்சும்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போன ஒரு வண்டிக்காரனின் கதை. கடைசியில் அவன் வெளியே வருகிறான். ஆனால் யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. புஸ்பம் அதை வீட்டில் தனியே இருந்து பார்த்தாள். ஒருவனாவது பொய் சொல்லாமல் படம் எடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டபோது பாட்டு இல்லை, சண்டை இல்லை என்று ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். சில வாரத்தில் அடுத்த ஒழுங்கையில் ஒருவர் டெக் வாங்கினார். கூட்டம் அங்கே போனது. அவளுடைய வருமானமும் போனது.

ஒரு நாள் அந்த வீட்டைக் கடந்து வரும்போது அதே பொலிஸ் படம், அதே இசை, அதே விசில். அவள் விறுவிறுவென்று உள்ளே போய் டி.வி.க்கு முன்னால் நின்றாள். முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தவர் கந்தப்போடி. அவருடைய மூத்த மகனும் வல்லிபுரத்தோடு பிடிபட்டவன்தான். அவன் வரவேயில்லை.

“கந்தப்போடியண்ண, உங்கட மகனையும் இப்பிடித்தான் கட்டித் தூக்கியிருப்பானுகள். இதுக்கா கைதட்டுறீங்க?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

“வீட்ட இரிந்தா அவன்ட முகம்தான் புள்ள வருது. அத நினைக்காம இரிக்கத்தானே நான் இஞ்ச வாறன். கொஞ்சம் விலகி நில்லு.”

அவள் விலகினாள். அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் காலடியில் உட்கார்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்தாள். கந்தப்போடி மேல் இருந்த கோபம் றோட்டுக்கு வரும்முன் போய்விட்டது. பிள்ளைகளைப் பிடித்துப்போனவர்கள் மேலும் அந்தப் படங்களின் மேலும் இருந்த கோபம் கூடிற்று. ஒரு மனிதனின் பிள்ளையையும் பறித்து, அதை மறக்க அந்தப் பிள்ளை பட்ட அடியையே காசுக்குக் காட்டுகிறார்களே என்று வழிநெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனாள். காவலரணில் நின்ற ஆமிக்காரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.