கேக் மேசைக்குக் கீழே

சிரிப்புப் படம் பார்க்கப் போய்ச் சிரிக்க முடியாமல் இருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. போன வியாழக்கிழமை, இங்கே டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில், மகள் படிக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில்.

படத்தில் நடித்ததே என் மகள் வதனிதான். வயது ஏழு!

வகுப்பு டீச்சர் கிர்ஸ்டன் ஒருநாள் புரொஜெக்டர் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பழைய ஹாலிவுட் சிரிப்புப் படங்களைக் காட்டியிருக்கிறார். பேச்சு வராத காலத்துக் குட்டிப் படங்கள். நடிப்பவர்களும் குட்டிப் பிள்ளைகள்தான் — பெரிய தொப்பி, கிழிந்த காற்சட்டை, பின்னால் ஒரு நாய். கேக் திருடுவார்கள், பேயைக் கண்டு ஓடுவார்கள், மாவுக்குள் விழுவார்கள்.

வதனி வீட்டுக்குப் பறந்து வந்தாள்.

"அப்பா, அதில ஒருத்தரும் கதைக்கேல்லை! எனக்கு எல்லாம் விளங்கினது!"

டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து, வகுப்பே சிரிக்கும்போது ஏன் என்று தெரியாமல் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை. முதல்முறையாக ஒரு பகிடி அவளுக்கும் விளங்கியிருக்கிறது. அதேபோல நாங்களும் ஒரு படம் எடுப்போம் என்று டீச்சர் வேறு சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் ஒரே ஒத்திகை. கதவில் முட்டுவதும், நாற்காலியிலிருந்து வழுக்குவதும்...

பெற்றோர் கூட்டத்தில் காபி குடிக்கும்போதுதான் எனக்குச் சனி பிடித்தது.

"பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று கிர்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று கேக் சாப்பிடுவார்களாம். அப்போது பேய் வரவேண்டும். இவர் பின்னால் ஒளிந்து நின்று ஒரு பேப்பர் பையை ஊதி உடைப்பாராம். அந்தப் பழைய படங்களை எடுத்தபோதும் அப்படித்தானாம். பயந்த முகம் வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் டமார். அழுகை வேண்டுமென்றால் கையிலிருக்கும் இனிப்பைப் பிடுங்குவது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கமராவை நிறுத்திய பிறகு அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சமாதானப்படுத்தியது யார்? அதை யாரும் படம் எடுக்கவில்லையே!

வதனிக்குச் சத்தம் ஆகாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருந்த கடைசி மாதங்களில் நான் அவளுக்கு ஒழுங்காகப் பழக்கியது ஒன்றைத்தான். வெடிச்சத்தம் கேட்டால் நிலத்தில் விழு, பக்கத்தில் நிற்பவரையும் இழுத்து விழுத்து, ஏன் என்று கேட்காதே. இங்கே புதுவருட வாணவேடிக்கைக்குக்கூடக் கட்டிலுக்குக் கீழே போனவள் விடிந்த பிறகுதான் வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ, போய்ச் சொல்லுங்கோ. பிள்ளை பயந்துபோயிடும்," என்றாள் மனைவி. கொஞ்சம் பொறுத்து அவளே, "சொன்னா படத்தில இருந்து எடுத்துப்போடுவினமோ?" என்றாள்.

சொன்னால் ஒரு பயம், சொல்லாவிட்டால் ஒரு பயம். என்ன செய்வீர்கள்?

போனேன். என் டெனிஷோ, கேட்டால் ஓரளவு விளங்கும், வாயில்தான் வராது! "மகள்... சத்தம்... மிகவும் பயம்" என்றேன். கிர்ஸ்டன் அன்பாகத் தோளில் தட்டினார். "எல்லாப் பிள்ளைகளும் பயப்படுவார்கள். அதுதானே வேடிக்கை!" அதற்கு மேல் சொல்ல எனக்கு மொழி இல்லை. எங்கள் மொழி வகுப்பில் இதுவரை ஆப்பிளும் ரொட்டியும்தான் வந்திருக்கின்றன. ஷெல் குண்டு இன்னும் வரவில்லை.

படம் எடுத்த அன்று வதனி முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டால், "சொல்லமாட்டன். படத்தில பாருங்கோ" என்று ஒரே பிடிவாதம். வியாழக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். வெள்ளைத் துணியில் பிள்ளைகள், மேசை, நடுவில் கேக். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஊமைப் படம் அல்லவா, பை வெடித்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. முகங்கள்தான் தெரிந்தன. ஒருத்தி வாயைப் பிளந்தாள். ஒருவன் காதைப் பொத்தினான். வதனியைக் காணோம்! அவளுக்குப் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் லார்ஸையும் காணோம். கமரா கீழே இறங்கியது. மேசைக்குக் கீழே லார்ஸ் பாதி உடல் வெளியே தெரியக் குப்புறக் கிடந்தான். அவன் தலையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு என் மகள் அவன்மேல் கிடந்தாள். விழும்போது பிடித்திருந்த மேசைவிரிப்போடு கேக் சரிந்து வந்து இருவர் மேலும் விழுந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இன்னொரு முறை போடச் சொல்லிக் கைதட்டிக் கத்தினார்கள். போட்டார்கள். மறுபடியும் விழுந்தாள். எனக்கு எழுந்து போய்த் துணியைக் கிழித்துவிடலாம் போலிருந்தது.

முன்வரிசையில் வதனி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கைதட்டல் தனக்குத்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மெல்லச் சிரித்தாள்.

"பிறவி நடிகை!" கிர்ஸ்டன் ஓடி வந்தார். "இப்படி விழ யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்" என்றேன். அந்த ஒரு சொல்லை டெனிஷில் பிழையில்லாமல் சொன்னேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது வதனி என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, லார்ஸுக்கு விழவே தெரியாது. சத்தம் கேட்டும் சும்மா நிண்டவன். நான்தான் இழுத்து விழுத்தினனான். பாவம், அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

லார்ஸ்... கொடுத்து வைத்த பிள்ளை!