பரவாயில்லை என்று எழுதிவிட்டேன்

முப்பது வருடமாக நான் கணக்கு டீச்சர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளையின் விடைத்தாளிலும் “பரவாயில்லை” என்றுதான் எழுதுவேன். அதற்கு மேல் என் பேனா போகாது, பிறவிக் குணம். என் கணவர் போடும் காப்பிக்கும் அதே சொல்தான். அவருக்குப் பழகிவிட்டது.

பழகாத ஒருத்தியிடம் அந்தச் சொல் போய் மாட்டிக்கொண்டது. நான் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

மகன் புனேயில் வீடு வாங்கியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்குப் போய்வர ஒன்பது நாள் ஆகும். முடிச்சூர் ஃபிளாட்டையும் நாயையும் யாரிடம் விடுவது? முன்பு ஒருமுறை நாய்க் காப்பகத்தில் விட்டோம். இரண்டு நாள் பட்டினி கிடந்து எங்களைப் பாதிப் பயணத்தில் திரும்பி ஓடி வரவைத்த நாய் அது. இந்த முறை பம்மலிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தோம். தோல் கம்பெனியில் கையுறை தைத்துக்கொண்டிருந்தவள். ஊருக்குப் போகிறவர்களின் வீட்டையும் செல்லப் பிராணிகளையும் பார்த்துக்கொள்வதையே தொழிலாக்கிவிட வேண்டும் என்று இறங்கியிருந்தாள். எங்கள் வீடுதான் முதல் வீடு.

“நல்லா பாத்துக்கினா நாலு பேராண்ட சொல்லுங்க டீச்சர், அது போதும்” என்றாள்.

திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. நாய் எங்களை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு அவள் காலடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அந்த எரிச்சலோடு பின்பக்க பால்கனிக்குப் போனால் என் கறிவேப்பிலைச் செடி காய்ந்து சருகாகி நின்றது. நாலு வருடம் வளர்த்தது. காக்காயைக் கண்டு நாய் கம்பி மேல் பாய்ந்துவிடுமோ என்று பயந்து அந்தக் கதவையே அவள் திறக்கவில்லையாம். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவைத்தேன்.

மறுநாள், நாய் பூனை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பல்லாவரத்து அம்மாள் ஒருவர் கேட்டார். மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் வெளியூர் போகிறாராம், வீட்டில் இரண்டு பூனைகள், அந்தப் பெண் எப்படி? “பரவாயில்லை” என்று தட்டினேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன். பிறகு மாவு அரைக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. அவள்தான். நாய் மேலே விழுந்து நக்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“இன்னா டீச்சர், பரவால்லன்னு போட்டுகிறீங்க? அந்தம்மா வேற ஆளு பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க.”

“நல்லதாத்தானேம்மா போட்டேன்?”

“எது நல்லது? மொத வூட்லயே பரவால்லன்னா ரெண்டாவது வூடு எப்டி வரும்? மறுபடி மிஷினாண்ட போய் குந்திக்க வேண்டியதுதான்.”

சமையலறையிலிருந்து என் கணவர், “முப்பது வருஷமா நானும் இதைத்தான் சொல்றேன்” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே போனை எடுத்து, தங்கமான பெண், எல்லாமே பிரமாதம், குறை என்று எதுவுமே இல்லை என்று எழுதி, அனுப்புவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“உங்க அக்கா பொண்ணுக்கு போட்டாப்ல கீது. யாரு நம்புவாங்க? நடந்தத போடுங்க டீச்சர்.”

“நடந்ததுன்னா செடியும் வருமே?”

கொஞ்சம் யோசித்தாள். “வர்ட்டும். செத்துச்சு இல்ல?”

கணக்கில் கடைசி விடையை மட்டும் பார்த்து நான் மார்க் போட்டதே இல்லை. ஒவ்வொரு படிக்கும் தனி மார்க் உண்டு. அவளை உட்காரவைத்து முதல் நாளிலிருந்து கேட்டேன். முதல் நாள் நாய் சோற்றைத் தொடவில்லையாம். தன் தட்டையும் தரையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட, அதுவும் சாப்பிட்டதாம். இடி இடித்த அன்று அது கட்டிலுக்கு அடியில் புகுந்ததும் இவளும் பாதி உடம்பை உள்ளே நுழைத்துப் படுத்துக்கொண்டாளாம். திரும்பி வந்த அன்று இதையெல்லாம் நான் கேட்கவே இல்லையே என்று மனசு உறுத்தியது. அப்புறம் நான் எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாய்க்கு இரண்டு பக்கம், “செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும்” என்று ஒரே வரி. பின்பக்க பால்கனியிலும் ஒரு செடி இருப்பதை நான் எழுதவே இல்லை. கேள்வியே அரைகுறை.

எல்லாவற்றையும் குழுவில் எழுதினேன். செடி காய்ந்ததையும், அதில் பாதித் தவறு என்னுடையது என்பதையும், அடுத்த முறையும் இவளைத்தான் கூப்பிடுவேன் என்பதையும்.

பத்து நிமிடத்தில் பல்லாவரத்து அம்மாளிடமிருந்து பதில் வந்தது. “எங்க வீட்டுல செடியே இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிடற ஆள்தான் வேணும். நாளைக்கே வரச் சொல்லுங்க.”

அவள் நாயைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டாள். அவள் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். “பரவாயில்லை” என்று நான் எழுதிய விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னை இப்படிக் கேட்டதில்லை.

கணவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு” என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“டிகாஷன்தான் கொஞ்சம் தண்ணி” என்று சேர்த்தேன்.

அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது.