தண்ணீர் படாத இடது கை

என் மருமகள் கிடார் வாசித்துச் சம்பாதிக்கிறவள். பொழுது போகாமல் வாசிக்கிறவள் இல்லை. அதுதான் அவள் வேலை, எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதில்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு சொன்னாலும் கடைசியில், "அது சரி, வேலைக்கு எங்க போறா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவப் போய் நின்றாள். வலது கையால் மட்டும் தேய்த்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தாள். பீங்கான் தட்டு ஒன்று வழுக்கித் தொட்டியில் விழுந்து இரண்டாகப் போனது. வந்திருந்த என் நாத்தனார் சும்மா இருப்பாளா?

"அண்ணி, மருமகளைக் கூட்டிட்டு வந்தீங்களா, மகாராணியைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

நான் அவளையே கேட்டேன். "கையில ஏதும் அடியாம்மா?"

"இல்ல அத்தை. தண்ணி பட்டா விரல் ஊறிடும். ஊறினா வாசிக்க முடியாது."

இடது கையை என்னிடம் நீட்டினாள். நான்கு விரல் நுனியும் காய்த்துப் போய், தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருந்தன. சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து இரும்புக் கம்பியை அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு அது. அது இருந்தால்தான் சத்தம் தெளிவாக வரும். தோல் மெத்தென்று ஆகிவிட்டால் கம்பி உள்ளே இறங்கி வலிக்கும், சத்தமும் மங்கிவிடும்.

"கையுறைன்னு ஒண்ணு கடையில விக்குது" என்றாள் நாத்தனார்.

"உள்ள வேர்த்து இன்னும் மோசமா ஊறும்."

"எல்லாத்துக்கும் பதில் தயாரா வச்சிருக்கா."

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி, என் உள்ளங்கை வெடித்து வெடித்து ஆறும். கைதான் சோறு போடுகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "இனிமே இந்த வீட்டுல உன் இடது கை நனையக் கூடாது. பாத்திரம் என் பாடு" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். நாத்தனார் அன்றைக்குச் சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டாள்.

காலையில் என் மகன் அச்சகத்துக்குப் போனதும் அவள் ஜன்னலோரம் உட்காருவாள். தாளத்துக்காக டிக் டிக் என்று தட்டும் ஒரு சின்னப் பெட்டியை எதிரில் வைத்துக்கொள்வாள். பாட்டு கேட்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒரே துண்டு, நாலைந்து சத்தம்தான் இருக்கும். அதையே நத்தை மாதிரி வாசிப்பாள். அப்புறம் கொஞ்சம் வேகமாக. ஓரிடத்தில் தப்பினால் மறுபடியும் நத்தை. எனக்கே அது பழகிப்போய், பாத்திரத்தை அந்தக் கணக்கிலேயே தேய்த்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் தன் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"உங்க மருமக என்ன பண்ணுது?"

"கம்பி எண்ணுறா."

"எத்தனை வருஷம் போட்டாங்க?"

"ஆயுள்."

முதலில் விருந்து மண்டபங்களில், மெல்லிசைக் குழுவின் கடைசி வரிசையில் நின்று வாசித்தாள். "பொம்பளைன்னா பாட வேண்டியதுதானே, எதுக்கு இதைச் சுமந்துக்கிட்டு?" என்பாராம் குழுத் தலைவர். இவள் அடுத்த பாட்டுக்குச் சுதி சேர்ப்பாளாம். அங்கிருந்து ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடம், அங்கிருந்து ஒலிப்பதிவு ஸ்டுடியோ என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். வேலை இருக்கிற நாளில் காலையில் குளிக்க மாட்டாள், முந்தின நாளே குளித்துவிடுவாள். ஸ்டுடியோவில் ஓர் இசையமைப்பாளர் இருந்தார். வீட்டில் அவரைத் தாடிக்காரர் என்போம். கிடார் வேண்டுமென்றால் அவர் இவளைத்தான் கூப்பிடுவார். "உங்க வீட்டம்மா வந்துட்டா நான் கடிகாரத்தைப் பாக்கறதில்ல" என்று என் மகனிடம் ஒருமுறை சொன்னாராம். பாட்டில் இவள் பேர் வராது. ரேடியோவில் ஓடும்போது, "இது நான்தான் அத்தை" என்று மெதுவாகச் சொல்வாள். பாடுகிறவரின் குரலுக்கு அடியில், கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

இந்த இடத்தில், எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி, அவள் மகள், "அப்பா விஷயத்தை விட்டுடலாமா பாட்டி?" என்கிறாள். விடக் கூடாது. எழுது.

பேத்தி நடக்கப் பழகிய வருஷம் அது. அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கிய என் மகன் அப்படியே கீழே உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. முதுகுத்தண்டில் கட்டி என்றார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போனது. துடைக்க வேண்டும், புரட்டிப் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும். நான் போனேன். வளர்ந்த ஆண்பிள்ளை, பெற்றவளிடம் கூச்சப்பட்டான். கண்ணை மூடிக்கொண்டு, "நீ போம்மா" என்றான்.

சரி என்று நான் ஒரு வழி செய்தேன். துண்டைப் பிழிந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன், அவள் வலது கையால் துடைப்பாள். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. ஆனால் படுத்தவனுக்கு ஒரு துண்டு போதுமா? அலச வேண்டும், பிழிய வேண்டும், மறுபடி அலச வேண்டும். ஒற்றைக் கையால் துண்டைப் பிழிய முடியாது. ஒரு நாள் கதவைத் திறந்தபோது, வெந்நீர் வாளிக்குள் அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை இருந்தன.

"கையை எடு" என்றேன்.

அவள் துண்டைப் பிழிந்தாள்.

படுக்கையிலிருந்து அவன் சொன்னான், "அம்மா சொல்றதைக் கேளு. நாளைக்கு உனக்கு அதுதான் சோறு."

"காய்ப்பு மறுபடி வரும்" என்றாள் அவள். எது மறுபடி வராது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த மழைக்காலம் வரைக்கும் இருந்தான். அதற்குள் அவள் விரல் நுனிகள் செதில் செதிலாக உரிந்து, அடியில் பச்சைக் குழந்தையின் தோல் வந்திருந்தது. அவன் போன பிறகு அவள் கிடார் உறையின் பக்கமே போகவில்லை.

அப்படி இருக்கும்போது தாடிக்காரர் போன் செய்தார். ஒரு பாட்டு, ஆரம்பத்தில் கிடார் மட்டும் தனியாக வர வேண்டும், அடுத்த வாரம் பதிவு. நாங்கள் இருந்த நிலைக்கு அது தெய்வம் கொடுத்த மாதிரி. அவள் கிடாரை எடுத்தாள். கம்பியை அழுத்தினாள். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவள் சத்தம் இல்லை, ஈரத் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பவும் அழுத்திப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "சார், என் கை இப்ப தயாரா இல்ல. வேற ஆளை வச்சுக்கோங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "காய்ச்சல்னு சொல்லி ரெண்டு வாரம் தள்ளி வைக்கத் தெரியாதா? ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் உக்காந்துட்டா எழுந்திரிப்பாங்களா?"

"உக்காரட்டும் அத்தை. கெட்ட சத்தத்தைப் பதிஞ்சுட்டா, அது எனக்கப்புறமும் இருக்கும்."

அந்த இடத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்தான். நன்றாக வாசிப்பவன்தான், குறை சொல்ல மாட்டேன்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? வாத்தியக் கடை மாடியில், புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் வேலைக்குப் போனாள். ஸ்டுடியோவில் வாசித்தவள் இதற்கா வந்தாள் என்று கடைக்காரருக்கே சங்கடம். அவளோ, அதுதான் தனக்குச் சரியான இடம் என்றாள். ஒரு நாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய் நானும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரிப் பெண்கள், ஒரு டாக்ஸிக்காரர்.

"எரியுது டீச்சர்" என்றார் டாக்ஸிக்காரர்.

"எனக்கும்தான்" என்றாள் இவள்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க."

விரலைத் திருப்பிக் காட்டினாள். அவருடையதைப் போலவே சிவந்து கோடு விழுந்திருந்தது. தபால்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நீங்களும் எங்க வகுப்புதானா?" என்றார். எல்லோரும் சேர்ந்தே நிறுத்தினார்கள், ஊதிக்கொண்டார்கள், சேர்ந்தே மறுபடி தொடங்கினார்கள். கொப்புளம் வந்தது, உடைந்தது. அவசரப்பட்டு அழுத்தினால் எல்லாம் பிய்ந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லித்தந்ததைத் தானும் கேட்டுக்கொண்டாள். வீட்டில் நான் தண்ணீர்ச் சொம்பைக்கூட அவள் கையில் கொடுக்கவில்லை.

மழைக்காலம் ஒன்று போய் அடுத்ததும் வந்தது. ஒரு சாயங்காலம், நான் தொட்டியடியில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து வந்து, நான்கு விரல்களையும் என் கன்னத்தில் வைத்தாள். சொரசொரவென்று இருந்தது.

"தாடிக்காரருக்குப் போன் பண்ணிட்டேன் அத்தை. அந்தப் பையனுக்குப் பக்கத்துல ரெண்டாவது கிடார் வாசிக்க வரச் சொன்னாரு."

"ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான்."

போனாள். நெடுநாள் ரெண்டாவதாகவே வாசித்தாள். பிறகு சில பாட்டுக்கு அவன், சில பாட்டுக்கு இவள். இன்றைக்கும் அப்படித்தான் போகிறது. அதில்தான் பேத்தியைப் படிக்க வைத்தாள்.

இப்போது எனக்குக் கை நடுங்குகிறது. போன வாரம் டம்ளர் ஒன்று நழுவி உடைந்தது. பாத்திரத்துக்கு ஓர் அம்மாவை வைத்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியாதா? நேற்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் படுத்துட்டேன்னா, என்னைத் துடைக்க வலது கை மட்டும்தான். துண்டை வேற யாராவது பிழியட்டும். இது முடிவு."

சுதி சேர்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரின்னு சொல்லு" என்றேன்.

தலையைக் குனிந்து, டிக் டிக் பெட்டியை ஓடவிட்டாள். புதுப் பாட்டுத் துண்டு ஒன்றை நத்தை வேகத்தில் தொடங்கினாள். நான் அது முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்து மறுபடி கேட்டேன்.

சரி என்று அவள் இன்னும் சொல்லவில்லை.